துக்கச் செய்திக்கு கட்டைவிரல், ஹார்ட், சிரிப்பு... நீங்க எதை என்ன அர்த்தத்துல அமுக்குறீங்க?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல இதைப் பேசினா சண்டையில முடியுது, அதனால இங்க கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்கப்பா தவறி இன்னைக்கு 19 நாளாச்சு. விடியக்காலை 3 மணி சுமாருக்கு ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. வராண்டாவுல நின்னுக்கிட்டே சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன், 142 பேர் இருக்காங்க அதுல. "அப்பா இன்று அதிகாலை காலமானார், மாலை 4 மணிக்கு சோழவந்தான் வீட்டில் எடுக்கிறோம்", அவ்வளவுதான் மெசேஜ். கை நடுங்கி "காலமானார்"ங்கிற வார்த்தைய மூணு தடவ அழிச்சு அழிச்சு அடிச்சேன்.

ஆம்புலன்ஸ்ல வரும்போது எடுத்துப் பார்த்தா 60க்கு மேல ரியாக்ஷன் வந்திருக்கு. கும்பிடுற கைதான் நிறைய, அழுகை முகம் கொஞ்சம், ஹார்ட் நாலஞ்சு. கட்டைவிரல் மட்டும் பதினேழு. அதைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுது, எங்கப்பா செத்ததுக்கு சூப்பர்னு சொல்றாங்களான்னு. அதோட ஒரு சிரிப்பு முகம் வேற. கண்ணுல தண்ணி வர விழுந்து விழுந்து சிரிக்குமே, அது. யாருன்னு தொட்டுப் பார்த்தா எங்க அத்தை வீட்டு மாமா, அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி புருஷன்.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் நாலு வருஷமா வரப்புத் தகராறு. நல்லது கெட்டதுக்கு வருவார், போவார், ஆனா நேருக்கு நேர் பேச்சு கிடையாது. அதனால அந்த சிரிப்பைப் பார்த்த எங்க தம்பிக்கு வேற அர்த்தமே தோணல. எடுக்கிற அன்னைக்கு மாமா வந்து ஓரமா நின்னுட்டுத்தான் போனார். பதினாறாம் நாள் உருமா கட்ட அவர் கொண்டு வந்த துண்டை தம்பி தலையில கட்டிக்கவே மாட்டேன்னுட்டான். சபையே அமைதியாயிருச்சு. அத்தை அழுதுக்கிட்டே போச்சு.

எனக்கு இப்ப ரெண்டு மனசா இருக்கு. நிஜமாவே சிரிச்சாரா, இல்ல கை தவறிப் பட்டுருச்சா? கட்டைவிரல் போட்ட அந்த பதினேழு பேர் என்ன நினைச்சுப் போட்டாங்க? நீங்கல்லாம் எப்படி அமுக்குறீங்க, அதைச் சொல்லுங்க.

நெல்லை_ராஜி | செவ்வாய், இரவு 10.40

அப்பாவோட ஆத்மா சாந்தியடையட்டும் தம்பி. பதினாறுல அப்படி நடந்தது ரொம்ப கஷ்டமா இருக்கு.

நான் டீச்சர். எங்க ஸ்டாஃப் குரூப்புல எச்.எம். (தலைமை ஆசிரியை) ஒரு சர்க்குலர் போட்டா முன்னாடியெல்லாம் "ஓகே மேம்", "நோட்டட் மேம்"னு நாப்பது மெசேஜ் வரிசையா வரும், கடைசியில சர்க்குலரையே மேல போய்த் தேடணும். ரியாக்ஷன் வந்தப்புறம் எல்லாரும் கட்டைவிரல் போட்டுருதோம். யார் போட்டா யார் போடலன்னு எச்.எம். தொட்டுப் பார்த்துருவாங்க. எங்களுக்கு அது அட்டெண்டன்ஸ் மாதிரி. சர்க்குலர்ல இருக்குத விஷயம் எங்களுக்குப் புடிக்குதா புடிக்கலையாங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லீவு நாள்ல ஸ்கூலுக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்தாலும் அதே கட்டைவிரல்தான்.

நாள் பூரா ஆபீஸ் குரூப்புல, ஸ்கூல் குரூப்புல அப்படி அமுக்கி அமுக்கிப் பழகின விரல் சொந்தக்காரங்க குரூப்புக்கு வந்தாலும் அதையேதான் அமுக்கும். அந்தப் பதினேழு பேர்ல முக்காவாசி "தகவல் வந்துட்டு, கிளம்புதோம்"னு சொன்னவங்கதான்னு நினைக்கேன். அவங்கள்ல எத்தனை பேர் அன்னைக்கு வந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்னும் சொல்லணும். எங்க வீட்டுல ஒரு சாவு நடந்தப்ப என் ஃப்ரெண்டு ஒருத்திக்குத் தனியா மெசேஜ் போட்டேன். மேல "டைப்பிங்"னு வருது, நிக்குது, மறுபடி வருது, நிக்குது. பத்து நிமிஷம் இருக்கும். கடைசியில ஒரு வார்த்த கூட வரல, ஒரு ஹார்ட் மட்டும் வந்துது. அவ எழுதி எழுதி அழிச்சத நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீளமா எழுதி அனுப்பின எத்தனையோ பேர் எழுதினது மறந்துட்டு, அந்த ஹார்ட் மறக்கல.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.55

ராஜிக்கா, இப்பதான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர்ல பதினாலு பேர் வந்திருந்தாங்க. அதுல ரெண்டு பேர் விடிய விடிய கூடவே இருந்தவங்க. நன்றிக்கா.

நிரலன் | புதன், காலை 7.20

ஆழ்ந்த அனுதாபங்கள். நான் ஆப் டெவலப்பர், இந்த பட்டன் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும்.

ஃபேஸ்புக்ல லைக் பட்டன் 2009 பிப்ரவரியில வந்துச்சு. அப்ப அது ஒண்ணுதான் இருந்துச்சு. கல்யாணத்துக்கும் லைக், கண்ணீர் அஞ்சலிக்கும் லைக். நம்ம ஊர்ல யாராவது இறந்துட்டாங்கன்னு போஸ்ட் போட்டா அதுக்குக் கீழ இருநூறு லைக் இருக்கும், கமெண்ட்ல "ரிப்"னு இருக்கும், அந்தக் காலம் ஞாபகம் இருக்கா? இந்த சங்கடம் உலகம் பூரா இருந்துச்சு. டிஸ்லைக் வைங்கன்னு ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவங்க அதை வைக்கல. 2015 அக்டோபர்ல அயர்லாந்து, ஸ்பெயின் ரெண்டு நாட்டுல டெஸ்ட் பண்ணிட்டு, 2016 பிப்ரவரி 24ந் தேதி எல்லா நாட்டுக்கும் ரியாக்ஷன் விட்டாங்க: லவ், ஹாஹா, வாவ், சோகம், கோபம். டெஸ்ட்ல சந்தோஷத்துக்குன்னு "யே"ன்னு இன்னொரு முகமும் இருந்துச்சு, அது எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி புரியலன்னு எடுத்துட்டாங்க. கொரோனா நேரத்துல, 2020 ஏப்ரல்ல, ஹார்ட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்குற அந்த "கேர்" முகத்தைச் சேர்த்தாங்க.

வாட்ஸப்புக்கு இது லேட்டா 2022 மே மாசம்தான் வந்துச்சு. முதல்ல ஆறே ஆறு, ரெண்டு மாசத்துல எல்லா எமோஜியும் போடலாம்னு மாத்திட்டாங்க. ஆனா மெசேஜை அழுத்திப் பிடிச்சா வரிசையா வந்து நிக்குறது இன்னைக்கும் அந்த ஆறுதான்: கட்டைவிரல், ஹார்ட், கண்ணீரோட சிரிப்பு, வாய் பொளந்த முகம், அழுகை, கும்பிடு.

இப்ப இதைக் கவனிங்க. அந்த ஆறுல கண்ணீர் இருக்குற முகம் ரெண்டு. அழுகை முகத்துல ஒரே ஒரு சொட்டு, அதுவும் சின்னதா ஒரு பக்கம். சிரிக்கிற முகத்துலதான் ரெண்டு கண்ணுலயும் பெரிய பெரிய சொட்டா இருக்கும். வெள்ளெழுத்து உள்ளவங்க கண்ணாடி இல்லாம பார்த்தா வாய் சிரிக்குதா அழுகுதான்னு தெரியாது, கண்ணீர் மட்டும்தான் தெரியும். எங்க பெரியம்மா ரொம்ப நாள் எல்லா கண்ணீர் அஞ்சலி போஸ்ட்டுக்கும் அதைத்தான் போட்டுட்டு இருந்தாங்க. யாரும் சொல்லல, நானாத்தான் ஒரு நாள் பார்த்து சொன்னேன், அவங்க முகம் அப்படியே சுருங்கிப் போச்சு.

உங்க மாமாவுக்கு என்ன வயசு?

பெரியகுளம்_பாண்டி | புதன், காலை 8.05

தம்பி வருத்தமான விஷயந்தான். ஆனா என்னையக் கேட்டா தப்பு மாமா மேல மட்டும் இல்ல, கேதத்தை குரூப்புல போடுறதே தப்பு. அந்தக் காலத்துல கேதம் சொல்றதுக்குன்னு ஆள் அனுப்புவாங்க, ஊர் ஊரா நடந்து போயி வீட்டு வாசல்ல நின்னு சொல்லுவாங்க, கேட்ட நிமிஷமே வீட்ல அடுப்ப அமத்திட்டு கிளம்பிருவாங்க. இப்ப படுத்துக்கிட்டே விரலால ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த வீடியோவுக்கு போயிர்றான். மனுசன் செத்ததும் ஒண்ணு, பூனை வீடியோவும் ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. இந்த ரியாக்ஷனே வேண்டாம்ங்கிறேன் நானு. போன் போட்டுப் பேசு, இல்லன்னா சும்மா இரு.

செந்தாமரை | புதன், காலை 9.31

பாண்டி அண்ணே, கேதம் சொல்ல அனுப்பின ஆளுங்க யாருன்னு உங்களுக்கும் தெரியும். எங்க தாத்தா அப்படி நடந்தவரு. வெயில் மழைன்னு பார்க்காம எட்டு மைல் பத்து மைல் நடப்பாரு, போன வீட்டு வாசல்ல தள்ளி நின்னுதான் சொல்லணும், குடிக்கத் தண்ணி கேட்டா கையில ஊத்துவாங்க. எங்க சாதிதான் அந்த வேலையச் செய்யணும்னு வச்சிருந்தாங்க. ஒரு மெசேஜ்ல 142 பேருக்கும் செய்தி போகுதுன்னா அது எங்களுக்கு நல்ல காலம். அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம்ணே.

அப்புறம் எங்கம்மாவைப் பத்தி சொல்றேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. பேங்க்ல, ரேஷன்ல, எல்லாத்துலயும் கைநாட்டுதான். ஊதா மையில கட்டைவிரல முக்கி அமுக்கும், அமுக்கிட்டு முந்தானையில தொடைக்கும், முந்தானை ஓரம் பூரா கறையா இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி தம்பி ஒரு போன் வாங்கிக் குடுத்தான். வாய்ஸ் மெசேஜ் கேக்கும், போட்டோ பார்க்கும், திருப்பி எழுதத் தெரியாது. நான்தான் அழுத்திப் பிடிச்சு கட்டைவிரல் போடச் சொல்லிக் குடுத்தேன். "இதுலயும் கைநாட்டுதானா"ன்னு கேட்டுச்சு. இப்ப குடும்ப குரூப்புல எது வந்தாலும் அம்மாவோட கட்டைவிரல் முதல்ல வந்து நிக்கும். நல்ல செய்தி, கெட்ட செய்தி, காலை வணக்கம், எல்லாத்துக்கும். "நான் இருக்கேன், பார்த்துட்டேன்"னு அது சொல்றதுக்கு வேற வழி கிடையாது. அந்த விரலப் பார்த்து யாராவது வயிறெரிஞ்சா எனக்குத்தான் வயிறெரியும்.

வைகைக்கரை, உங்க மேல கோவமில்ல. அன்னைக்கு உங்களுக்கு இருந்த நெலமையில யாருக்கும் அப்படித்தான் தோணும்.

பெரியகுளம்_பாண்டி | புதன், காலை 10.02

தங்கச்சி, நீ சொன்னது சரி. அதை நான் யோசிக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்க. போன் போட்டுப் பேசணும்ங்கிறது மட்டும் என் கருத்து, அதுல மாத்தமில்ல.

கருப்புக்கோட்டு | புதன், மதியம் 1.45

கோர்ட்டு இடைவேளையில எழுதுறேன். இந்தக் கட்டைவிரல் கேள்வி நம்ம மதுரை ஹைகோர்ட் பெஞ்சுக்கே வந்திருக்கு. ரயில்வே பாதுகாப்புப் படையில வேலை பார்த்த ஒரு கான்ஸ்டபிள், மேலதிகாரி ஒருத்தர் கொலையான செய்தி டிபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல வந்தப்ப கட்டைவிரல் போட்டுட்டார். கொலையைக் கொண்டாடுறார்னு சொல்லி வேலையை விட்டே தூக்கிட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார், முதல்ல தனி நீதிபதி அவருக்குச் சாதகமா சொன்னார். டிபார்ட்மெண்ட் அப்பீல் போச்சு. 2024ல ரெண்டு நீதிபதிகள் அமர்வு அந்த அப்பீலைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. கட்டைவிரலை "ஓகே"ங்கிற வார்த்தைக்குப் பதிலா போட்டதா எடுத்துக்கலாம், செய்தியைப் பார்த்துட்டேன்னு காட்டினதா எடுத்துக்கலாம், கொலையைக் கொண்டாடினதா எடுத்துக்க முடியாதுன்னு சொன்னாங்க. வைகைக்கரை, உங்க பதினேழு பேருக்கும் இது பொருந்தும்.

ஆனா அமுக்குறதுக்கு எப்பவும் இப்படி நியாயம் கிடைச்சிடல. 2012 நவம்பர்ல, பால் தாக்கரே இறந்து மும்பையே கடையடைப்புல இருந்தப்ப, பால்கர்ல ஒரு பொண்ணு அந்தக் கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்ல எழுதிச்சு. இன்னொரு பொண்ணு அதுக்கு லைக் போட்டுச்சு. ரெண்டு பேரையும் கைது பண்ணாங்க. லைக் போட்டது மட்டும்தான் அந்த ரெண்டாவது பொண்ணு செஞ்ச காரியம். அதுக்கப்புறம்தான், ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எழுதினா தண்டிக்கிற ஐடி சட்டம் 66ஏ பிரிவை எதிர்த்து ஷ்ரேயா சிங்கால்னு ஒரு சட்ட மாணவி சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2015 மார்ச் 24ல அந்தப் பிரிவே செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. போன 2025 ஏப்ரல்ல அலகாபாத் ஹைகோர்ட் இன்னும் தெளிவா சொல்லுச்சு: ஒரு போஸ்ட்டை லைக் பண்றது வேற, ஷேர் பண்றது வேற, லைக் பண்றது அதை வெளியிடுறதோ பரப்புறதோ ஆகாதுன்னு.

என்கிட்ட வர்ற குடும்ப வழக்குகள்லயும் ஸ்க்ரீன்ஷாட் கட்டுக்கட்டா வருது. "என் சம்சாரம் அவன் போட்டோவுக்கு ஹார்ட் போட்டிருக்கா"ன்னு ஒருத்தர் கலர் பிரிண்ட் எடுத்துட்டு வந்தார். ஹார்ட் போட்டது அவங்க கூட வேலை பார்க்கிறவரோட குழந்தை போட்டோவுக்கு. அந்தப் படத்துல என்ன இருக்குன்னு பார்க்காம, இவங்க ரெண்டு பேருக்குள்ள ஏற்கனவே என்ன இருக்குன்னுதான் நான் முதல்ல கேப்பேன். சண்டை இருக்குற எடத்துல எந்தப் படமும் சண்டையாத்தான் தெரியும்.

கனடா_குட்டித்தம்பி | புதன், மாலை 6.18

உங்கட அப்பாவின்ர பிரிவுக்கு என்ர அனுதாபங்கள். நான் டொரோன்டோவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம்.

அண்ணா சொன்ன வழக்கைப் போல இஞ்சயும் ஒண்டு நடந்தது, ஆனா தீர்ப்பு மற்றப் பக்கம். ஸஸ்காச்செவன் எண்டிற மாகாணத்தில தானியம் வாங்கிற ஒரு கொம்பனி 2021ல ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து போனுக்கு அனுப்பினது, கிட்டத்தட்ட 87 தொன். அவர் கட்டைவிரல் போட்டார். பிறகு விலை ஏறீட்டுது, அவர் விதையைக் குடுக்கேல்ல. கேட்டதுக்கு "ஒப்பந்தம் கிடைச்சது எண்டதுக்குத்தான் விரல் போட்டனான், சம்மதம் எண்டு சொல்லேல்ல" எண்டு சொன்னார். 2023ல நீதிபதி அந்த விரல் கையெழுத்துக்குச் சமம் எண்டு தீர்த்து, 82 ஆயிரம் டொலருக்கு மேல கட்டச் சொல்லீட்டார். 2024 டிசம்பர்ல மேல்நீதிமன்றமும் அதையே சரி எண்டது.

ஏன் அப்பிடித் தீர்த்தவை எண்டு பாத்தா, அதே விவசாயி முந்தியும் அதே கொம்பனியோட போனிலதான் ஒப்பந்தம் செய்திருக்கிறார். "ஓகே", "யப்" எண்டு ஒரு சொல்லுத்தான் பதில் எழுதுவாராம், எழுதினாப் பிறகு ஒழுங்கா விதையைக் கொண்டுபோய்க் குடுத்தும் இருக்கிறார். அதனால அவையள் ரெண்டு பேருக்குள்ளயும் அந்த விரலுக்கு எண்டு ஒரு அர்த்தம் ஏற்கனவே விழுந்திட்டுது. மதுரையில பொலிஸ்காரருக்கு "பாத்தன்" எண்டு அர்த்தம், இஞ்ச விவசாயிக்கு "சம்மதம்" எண்டு அர்த்தம், விரல் ஒரே விரல்தான்.

வெளிநாட்டில இருக்கிற எங்களுக்கு இது வேற மாதிரியும் இருக்கு. ஊரில செத்தவீடு எண்டா எங்களால போகேலாது. வீடியோவில பாக்கிறம், இஞ்ச விடிய ரெண்டு மணி, பிள்ளையள் நித்திரை, லைட் போடாம இருட்டுக்குள்ள இருந்து பாக்கிறது. லைவ்வில அந்த அழுகை முகங்கள் கீழ இருந்து மேல மிதந்து போகும், லண்டனில ஆரோ, பரிசில ஆரோ, சிட்னியில ஆரோ. அம்மம்மாவின்ர செத்தவீட்டண்டு நான் அதைத்தான் அமத்திக்கொண்டு இருந்தனான், கை எடுக்கேலாமப் போச்சு. பாண்டி அண்ணை, அண்டைக்குப் போன் எடுத்துக் கதைக்கச் சொல்லியிருந்தா எனக்குக் குரல் வந்திராது.

நெகமம்_செல்வி | புதன், இரவு 8.50

எல்லாரும் சோகத்தைப் பத்தி சொல்றீங்க, நான் வேற ஒண்ணு சொல்றனுங்க. நாங்க நெகமம் காட்டன் சேலை ஆன்லைன்ல விக்கிறோம். புது டிசைன் போட்டோ போட்டா ஹார்ட் அஞ்சு நூறு, எட்டு நூறுன்னு வருமுங்க. ஆரம்பத்துல அதைப் பார்த்து அதே டிசைனை முப்பது சேலை நெய்யச் சொல்லிட்டோம், மூணுதான் போச்சு. மிச்சம் இன்னும் அட்டாலியில கிடக்குது. ஹார்ட் போட்ட ஒருத்தரும் விலை கேக்கல. வாங்குறவங்க பாதிப் பேரு லைக்கே போட மாட்டாங்க, நேரா மெசேஜ்ல வந்து "ப்ளவுஸ் பிட் இருக்கா, சாயம் போகுமா"ன்னு கேப்பாங்க. இப்ப நான் ஹார்ட்டை எண்றதே இல்லீங்க, எத்தனை பேரு "சேவ்" பண்ணி வெச்சாங்கன்னுதான் பார்க்கிறது. "அழகா இருக்குது"ங்கிறது வேற, "எனக்கு வேணும்"ங்கிறது வேறன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

சொந்தபந்தத்துல லைக்குங்கிறது மொய் மாதிரித்தானுங்க. மொய் நோட்டுல யாரு எவ்வளவு வெச்சாங்கன்னு பார்த்து, அவங்க வீட்டு விசேஷத்துக்கு அதுக்குக் குறையாம திருப்பி வெக்கிறமில்ல. அதே கணக்குத்தான் இங்கயும். போன வருசம் எங்க நாத்தனா பொண்ணு சீர் போட்டோவுக்கு நான் லைக் போடலைன்னு ஆறு மாசம் பேச்சில்லாம இருந்தாங்க. அன்னைக்குத் தறியில வேலை, நான் போனையே தொடல. நேர்ல போயி சீர்த்தட்டு வெச்சதெல்லாம் கணக்குல வரல, போட்டோவுக்குக் கீழ எம் பேரு இல்லைங்கிறதுதான் கணக்கு. இப்ப தினமும் ராத்திரி படுக்கறக்கு முந்தி சொந்தக்காரங்க போஸ்ட்டு எல்லாத்துக்கும் ஒரு வரிசையா போட்டுட்டுத்தான் படுக்கிறனுங்க. பொய்யில்ல அது, உறவு வேணும்னு செய்யறதுதான். மொய்யும் அப்படித்தானே.

நித்யா_வரைகோல் | புதன், இரவு 11.26

செல்விக்கா சொன்ன ஹார்ட் கணக்கு என்னை ரொம்ப பாதிச்சது, அதனால எழுதுறேன். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம், படம் வரைவேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது இன்ஸ்டால வரைஞ்சது போடுவேன், போட்டுட்டு அரை மணி நேரம் போனை தலகாணிக்கு அடியில வச்சுட்டு எடுத்து எடுத்துப் பார்ப்பேன். முதல் பத்து நிமிஷத்துல முப்பது வரலன்னா டெலீட் பண்ணிடுவேன். அப்படி அழிச்ச படத்துல எங்க பாட்டி புளி கொட்டை எடுக்கிற மாதிரி ஒண்ணு வரைஞ்சிருந்தேன், பேப்பரையும் கிழிச்சுட்டேன். பாட்டி இப்ப இல்ல. அந்தப் படமும் இல்ல.

அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டியில டீனேஜ் பசங்க 32 பேரை வச்சு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க, 2016ல வந்த ஆராய்ச்சி. ஒரே போட்டோவை சிலருக்கு நிறைய லைக்கோட காட்டினாங்க, சிலருக்குக் கம்மி லைக்கோட. நிறைய லைக் இருந்தா இவங்களும் லைக் போட்டாங்க, தன்னோட சொந்த போட்டோவுக்கு நிறைய லைக் வந்ததைப் பார்க்கும்போது மூளையில பரிசு கிடைச்ச மாதிரி ஒரு இடம் துடிச்சுது. அதைப் படிச்சப்புறம்தான் எனக்கு மட்டும் இப்படி இல்லன்னு தெரிஞ்சுது. 2021லேர்ந்து இன்ஸ்டால லைக் எண்ணிக்கையை மறைச்சு வைக்கலாம், நான் மறைச்சுட்டேன். இப்ப அழிக்கிறது நின்னுடுச்சு.

எங்க செட்டுல கட்டைவிரல் போட்டா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். "சரி, பேச்சை முடி"ங்கிற மாதிரி. எங்கப்பா எனக்கு கட்டைவிரல் போடும்போதெல்லாம் முதல்ல பக்குன்னு இருக்கும், அப்புறம் அப்பாதானேன்னு தோணும்.

நிரலன் | வியாழன், காலை 7.48

நித்யா, பாட்டி படத்தை நினைவுலேர்ந்து மறுபடி வரைங்க, முடிஞ்சா இங்க போடுங்க.

எண்ணிக்கை பத்தி சொன்னதால ஒண்ணு சேர்க்குறேன். நம்ம அமுக்குறது நம்ம சொந்தக்காரங்களுக்கு மட்டும் போகல, கம்பெனிக்கும் போகுது. 2017ல ஃபேஸ்புக், ஒரு லைக்குக்கு ஒரு மார்க்னா கோபம், சோகம், ஹாஹா மாதிரி ரியாக்ஷனுக்கு அஞ்சு மார்க்னு கணக்கு வச்சு, அதிக மார்க் வாங்கின போஸ்ட்டை மேல கொண்டு வந்து காட்டுச்சு. அழுத்திப் பிடிச்சுத் தேடி எடுத்துப் போட்டா அவ்வளவு ஈடுபாடுன்னு அர்த்தம்ங்கிறது அவங்க கணக்கு. கோபம் வர வைக்கிற பொய்ச் செய்தி மேல வந்துக்கிட்டே இருக்குன்னு கம்பெனிக்குள்ளயே எச்சரிக்கை பண்ணாங்க. படிப்படியா குறைச்சு 2020 செப்டம்பர்லதான் கோப முகத்துக்கு பூஜ்யம் மார்க் ஆக்கினாங்க. ஃபிரான்சஸ் ஹாகன்ங்கிற முன்னாள் ஊழியர் 2021ல உள்ள இருந்த ஆவணங்களை வெளிய கொண்டு வந்ததாலதான் இது நமக்குத் தெரிஞ்சுது. "இந்த அநியாயத்தைப் பாருங்க"ன்னு வர்ற போஸ்ட்டுக்கு நாம கோப முகம் போட்டோம்ல, அது அநியாயத்துக்கு எதிரா போகல, அந்த போஸ்ட்டை இன்னும் பத்து பேருக்குத் தள்ளிவிட்டுச்சு. எனக்கு இது தெரிஞ்ச நாள்லேர்ந்து கோப முகத்தைத் தொடுறதே இல்ல.

ட்விட்டர்ல முன்னாடி நட்சத்திரம் இருந்துச்சு, 2015 நவம்பர்ல அதை ஹார்ட்டா மாத்தினாங்க. நட்சத்திரத்தை நான் "அப்புறம் படிக்கணும்"னு குறிச்சு வைக்கத்தான் போடுவேன். ஒரே ராத்திரியில நான் குறிச்சு வச்ச விபத்துச் செய்தி, கலவரச் செய்தி எல்லாத்துக்கும் கீழ என் பேர்ல ஹார்ட் வந்து நின்னுச்சு. நான் எதுவும் மாத்தல. கம்பெனி படத்தை மாத்துச்சு, என் அர்த்தம் மாறிப்போச்சு.

வைகைக்கரை, மாமா வயசைக் கேட்டிருந்தேன்.

வைகைக்கரை | வெள்ளி, இரவு 9.33

எல்லாரும் எழுதினதை ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சேன். நிரலன் சார், மாமாவுக்கு 71.

நேத்து சாயங்காலம் தம்பிக்கிட்ட சொல்லாம நான் மட்டும் வண்டிய எடுத்துட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா திண்ணையில உக்காந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டார், எனக்கு அது ஒரு மாதிரி ஆயிருச்சு. அத்தை காப்பி போட்டுக் குடுத்துச்சு. அரை மணி நேரம் மழை, நெல்லு விலை, அது இதுன்னு பேசிட்டு, அப்புறம் அவர் போனைக் கேட்டு வாங்கினேன்.

மூலையில கண்ணாடி விட்டுப்போன போன், வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிருக்கார், சார்ஜ் நிக்கணுமாம். குரூப்பைத் தொறந்து அந்த மெசேஜைக் காட்டி "மாமா, இதுல நீங்க என்ன போட்டீங்க"ன்னு கேட்டேன். கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்துட்டு "அழுகுற படம் போட்டேன்யா"ன்னார். நான் அழுத்திப் பிடிச்சு அந்த ஆறையும் வரிசையா காட்டினேன். "இதுலயும் தண்ணி இருக்கு, அதுலயும் தண்ணி இருக்கு மாமா, எதுக்கு இதை எடுத்தீங்க"ன்னேன். அவர் சொன்னது அப்படியே எழுதுறேன். "அதுல ஒரு சொட்டுதான்யா இருக்கு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் நிக்காம வந்துச்சு. அதான் ரெண்டு கண்ணுலயும் வர்றத எடுத்தேன்."

நிரலன் சார் சொன்னது ஞாபகம் வந்து எனக்குப் பேச்சே வரல. அது சிரிக்கிற படம்னு எப்படி அவர்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அத்தைதான் எட்டிப் பார்த்துட்டு "அய்யோ இது சிரிக்கிறதுல்ல"ன்னுச்சு. மாமா போனை என் கையில குடுத்துட்டு துண்டை வச்சு முகத்தை மூடிக்கிட்டார். பதினாறு அன்னைக்கு தம்பி ஏன் துண்டை வாங்கலன்னு அவருக்கு அப்பத்தான் புரிஞ்சுது. வரப்புத் தகராறை மனசுல வச்சுத்தான் வேண்டாம்னுட்டான்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாள் இருந்திருக்கார்.

"அதை எடுத்துர முடியுமாய்யா"ன்னு கேட்டார். அந்த ரியாக்ஷனைத் தொட்டு அவர் பேருக்கு மேல ஒரு தடவ தொட்டா போயிரும்னு காட்டினேன், அவர் விரலாலயே எடுத்தார். வேற ஒண்ணும் போடல.

ராத்திரி தம்பிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. காலையில எந்திரிச்சு அவனே கிளம்பிப் போயிட்டான், எங்க போறேன்னு சொல்லல. மத்தியானம் அத்தை போன் பண்ணி, தம்பி அங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லுச்சு.

மாமா போன்ல எழுத்தையும் வெளிச்சத்தையும் பெருசா வச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன். அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு முப்பது. அதைக் குரூப்புல போட்டிருக்கேன், மாமாவுக்கும் தம்பிக்கும் மட்டும் நேர்ல போய் சொல்லிட்டேன்.

பெரியகுளம்_பாண்டி | வெள்ளி, இரவு 9.50

சோழவந்தான்ல எந்தத் தெருன்னு தனி மெசேஜ்ல அனுப்பு தம்பி. முப்பதுக்கு நான் வர்றேன்.